சிலோன்காரர் மகள் எலக்‌ஷனில் நிற்கலாமா? கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். 1996-லிருந்து 2019 வரை எல்லா உள்ளாட்சித் தேர்தலிலும் வேட்புமனு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சிலோனிலிருந்து வந்தவர் மகள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாமா என்று போன வாரம் கேட்ட ஒரு அம்மிணிக்குப் பதில் சொன்னதைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

காரமடைப் பக்கமிருந்து: அப்பா 1974-ல் கண்டியிலிருந்து வந்தவருங்க. நான் 1989-ல் இங்கே பிறந்தேன். பஞ்சாயத்துத் தலைவருக்கு நிற்கலாம் என்றால், "அகதிக்கு ஏது சீட்டு" என்கிறார்கள்.

உங்க அப்பா அகதியே இல்லைங்க அம்மிணி. 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, இலங்கை மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அந்தக் கணக்கில் வந்தவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். தாயகம் திரும்பியோர் என்றுதான் அரசாங்கக் காகிதத்திலேயே இருக்கும். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் கதை முற்றிலும் வேறு. ஊரில் இரண்டு பேரையும் சேர்த்து "சிலோன்காரங்க" என்று சொல்லிச் சொல்லியே இந்தக் குழப்பம்.

2011-ல் மனு பரிசீலனை அன்றைக்கு, எதிர் ஆள் ஒருவர் எழுந்து "இந்தப் புள்ள சிலோனுங்க, தள்ளுபடி பண்ணுங்க" என்றார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்து, போட்டோவில் அப்பா முகம் பாதிதான் மிச்சம். முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. பெயர் வாக்காளர் பட்டியலில் வேறு இருக்கிறது, பிறகென்ன, மனு ஏற்கப்பட்டது. தேர்தலில் தோற்றுப்போனது, அது வேறு கதை. நீங்களும் அந்தப் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து இப்போதே நகல் போட்டு வையுங்கள்.

பவானிசாகர் அகதிகள் முகாமிலிருந்து: அப்பா, அம்மா ரெண்டு பேரும் முகாம்தான். நான் 1995-ல் ஈரோட்டில் பிறந்தேன். இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்க்கிறேன். வார்டு மெம்பருக்காவது நிற்க முடியுமா?

முடியாது தங்கச்சி. சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால்தான் நிற்கலாம், குடியுரிமை இருந்தால்தான் பட்டியலில் பேர். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் அப்பா அம்மா யாராக இருந்தாலும் குடியுரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டே போட்டார். உங்கள் முகாமிலும் 1987-க்கு முன்னால் இங்கே பிறந்த அக்காமார் யாராவது இருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடச் சொல்லுங்கள். அந்த அக்கா இந்தியர் என்று ஆகிவிட்டால் அவர் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கலாம்.

அரச்சலூர்: அப்பா உள்ளூர், அம்மா முகாம். நான் 2002, தங்கச்சி 2006. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தானே?

இல்லைங்க, இதுதான் இந்தச் சட்டத்திலேயே பொல்லாத இடம். 2004 டிசம்பர் 3-க்கு முன்னால் பிறந்ததால் அப்பா ஒருவர் இந்தியராக இருப்பது உங்களுக்குப் போதும், 21 வயதும் தாண்டியாச்சு, தாராளமாக நிற்கலாம். தங்கச்சி அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவள். அப்பா இந்தியராக இருந்தாலும், அம்மா சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரை அந்தப் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, அக்கா வேட்பாளர், தங்கச்சிக்கு ஓட்டே இல்லை. வக்கீலைப் பாருங்கள்.

ஈரோடு: 2025-ல் ஏதோ விலக்கு கொடுத்தார்களே, அதில் ஆகாதா?

ஆகாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக வழக்கு வராது, அவ்வளவுதான். குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

பேர் வேண்டாம்: முகாமில் இருக்கிறேன், ஆனால் எப்படியோ வாக்காளர் அட்டை வந்துவிட்டது. சும்மா நின்று பார்க்கட்டுமா?

வேண்டாம் கண்ணு. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவத்தில் இந்தியக் குடிமகள் என்று கையெழுத்துப் போட்டிருப்பாய். பொய் உறுதிமொழிக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு. சும்மா இருக்கிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள், நின்றால் எதிர் ஆள் முதலில் தோண்டுவது அதைத்தான்.

திருப்பூர்: என் மாமா மகள் லண்டனில். அங்கே அகதிப் பிள்ளைகள் கவுன்சிலரே ஆகிறார்களாமே?

ஆமாம். இலங்கை காமன்வெல்த் நாடு என்பதால், சட்டப்படி தங்க அனுமதி இருந்தால் இலங்கைக் குடிமகளாகவே அங்கே உள்ளாட்சியில் ஓட்டுப் போடலாம். நார்வேயில் மூன்று வருடம் தொடர்ந்து வசித்தாலே உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு உண்டு. மூன்று வயதில் அங்கே போய்ச் சேர்ந்த ஹம்சாயினி குணரத்தினம் 2015-ல் ஆஸ்லோ நகரத் துணை மேயர், 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர். பவானிசாகரில் பிறந்த பிள்ளைக்குப் பவானிசாகரில் வழி இல்லை. இதை எழுதும்போது எனக்கே எரிச்சல் வருகிறது, விடுங்கள்.

மறுபடி காரமடை: செலவு? கட்சி வேண்டுமா? எங்க வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி இருக்கும், சிரிப்பார்களோ?

கிராம ஊராட்சியில் கட்சிச் சின்னமே கிடையாது. டெபாசிட் 2019 கணக்குப்படி வார்டு உறுப்பினருக்கு 200, தலைவருக்கு 600 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கீடு, உங்கள் ஊர் எந்தப் பிரிவில் வருகிறது என்று அறிவிப்பு வந்ததும் பாருங்கள். பேச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அவரவருக்கு வருவதைத்தான் பேச முடியும். நம்மூர் ஆத்தாக்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏனம்மிணி, தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா உடுவே?" அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். மனுவில் பெயரை வாக்காளர் பட்டியலில் இருக்கிறபடியே எழுதுங்கள், ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். கடைசி நாள் கடைசி நேரத்தில் ஓடி வராமல், முதல் நாளே வந்து கொடுங்கள்.