சிஸ்டர் ஏன் காலைத் தொட்டார்?

அன்புள்ள அம்மா,

நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. நோயாளியைப் பார்த்து யோசித்து முடிவெடுப்பது எப்படி என்று எங்களுக்கு ‘கிளினிக்கல் ரீசனிங்’ என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். வட்டமாக ஒரு படம், சுற்றிலும் அம்புக்குறிகள். பரீட்சையில் அதை அப்படியே வரைந்து நல்ல மார்க்கும் வாங்கினேன். ஆனால் வார்டில் போய் நின்றால் ஒன்றும் ஓடுவதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன கவனிப்பு என்று எழுதும் கேர் ப்ளான் எல்லாம் சீனியர் அக்காக்களின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

போன மாதம் மெடிக்கல் வார்டில் டெங்கு வந்த பதினாறு வயதுப் பையனை எனக்குக் கொடுத்திருந்தார்கள். காய்ச்சலின் ஐந்தாம் நாள். அன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது, அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். டெம்பரேச்சர் 98.4, பல்ஸ் 104, பிபி 100/80 என்று சார்ட்டில் எழுதினேன். பிபி நார்மல் என்றுதான் நினைத்தேன். ஸ்டாஃப் சிஸ்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். உடனே போர்வையை விலக்கிப் பையனின் பாதத்தைத் தொட்டார். அப்புறம் நேராகப் போய் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் வந்து டிரிப்பைக் கூட்டினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பையன் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டான்.

நானும் அதே எண்ணைத்தானே பார்த்தேன்? அவருக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? இதைச் சொல்லித்தர முடியுமா, இல்லை இருபது வருஷம் வேலை பார்த்தால்தான் வருமா? யோசிப்பது டாக்டர் வேலை, நமக்கு எதற்கு என்று என் தோழிகள் கேட்கிறார்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள மகளுக்கு,

“நானும் அதே எண்ணைத்தானே பார்த்தேன்” என்ற வரியைத் தாண்டி மேலே படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டிலும் வகுப்பிலுமாக இருந்தவள் நான். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட மாணவிகள் மிகக் குறைவு. சரி, அந்தப் பையனின் கட்டிலுக்கே போவோம்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் பயப்பட வேண்டிய நாள். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். சிலருக்கு அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, வெளியே கசியத் தொடங்கும். ஒரு நாள், இரண்டு நாள் அந்தக் கசிவு இருக்கும். குழாய்க்குள் ரத்தத்தின் அளவு குறைகிறது. உடம்பு அதைச் சும்மா விடாது. கை கால்களுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பும். குழாய் சுருங்கினால் பிபியின் கீழ் எண் ஏறும். மேல் எண் கடைசி வரை தாக்குப்பிடிக்கும், அதுவும் சின்ன வயதுக்காரர்களுக்கு ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும்.

இப்போது நீ எழுதிய 100-லிருந்து 80-ஐக் கழி. 20. டெங்குவில் அந்த வித்தியாசம் 20-க்கு வந்துவிட்டால் ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் ஆபத்து நிலை, வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். 100 நார்மல், 80 நார்மல், இரண்டும் சேர்ந்து நார்மல் இல்லை. பல்ஸையும் பார். காய்ச்சல் இருக்கும்போது பல்ஸ் 104 என்றால் ஆச்சரியமில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் அது ஏன் இறங்கவில்லை?

சிஸ்டர் பாதத்தைத் தொட்டது இதற்காகத்தான். ரத்தம் திருப்பிவிடப்பட்டிருந்தால் கால் சில்லென்று இருக்கும். கட்டிலுக்கு வரும்போதே அவர் மனதில் ஒரு கேள்வி இருந்திருக்கிறது: “ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டிருக்கிறது. இவன் தேறுகிறானா, கசிகிறானா?” தேறுகிற பையன் பசிக்கிறது என்பான், போனைக் கேட்பான். கசிகிற பையன் சுருண்டு படுத்திருப்பான், வயிறு வலிக்கிறது என்பான், வாந்தி எடுப்பான், காலையிலிருந்து சிறுநீர் போயிருக்க மாட்டான். அந்தக் கேள்வியோடு பார்த்தவருக்கு 100/80 பதில் சொன்னது. கேள்வி இல்லாமல் பார்த்த உனக்கு அது கட்டத்தில் நிரப்ப வேண்டிய எண்ணாக இருந்தது. உன் கண்ணில் குறை ஒன்றும் இல்லை. பிபி பார்க்கச் சொன்னவர்கள் எதற்காகப் பார்க்கிறாய் என்பதைச் சொல்லி அனுப்பவில்லை.

அமெரிக்காவில் கிறிஸ்டின் டானர் என்ற நர்சிங் பேராசிரியர் 2006-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நர்ஸ்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர் அவர். கண்ணெதிரே இருக்கும் விவரங்களைவிட, அந்த நர்ஸ் தன்னோடு எதைக் கொண்டுவருகிறார் என்பதுதான் முடிவை அதிகம் பாதிக்கிறது என்று எழுதினார். கவனிப்பது, பொருள் கொள்வது, செயல்படுவது, திரும்பிப் பார்ப்பது என்று நான்காக அவர் பிரித்தார். உன் வகுப்பில் போட்ட வட்டப்படம் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் டிரேசி லெவெட்-ஜோன்ஸ் குழுவினர் உருவாக்கியதாக இருக்கலாம். அது 2010-ல் வெளிவந்தது, நல்ல படம். அனுபவசாலி நர்ஸின் தலைக்குள் நொடியில் ஓடுவதை மெதுவாக்கிக் காட்டுவதற்காகப் போட்டது. அதைப் போய் ஐந்து மார்க் கேள்வியாக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோமே என்றுதான் எனக்கு வருத்தம்.

கேர் ப்ளானும் அப்படித்தான் ஆகிவிட்டது. ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து, பேஷன்ட் முகமே ஞாபகமில்லாமல், ‘நீர்ச்சத்து குறையும் அபாயம்’ என்று எழுதி, ‘வைட்டல்ஸ் பார்க்கவும், ஐவி கொடுக்கவும்’ என்று முடிக்கிறோம். நானும் அப்படி எழுதித்தான் பாஸ் செய்தேன். அந்தப் பழக்கத்தை ஒரு டியூட்டர் ஒரே காலையில் உடைத்தார்.

பிரசவ வார்டு போஸ்டிங். இரண்டாவது பிரசவம் முடிந்து மூன்று மணி நேரம் ஆன ஒரு அம்மா. பேட் சீக்கிரம் நனைந்துவிட்டது. நான் மாற்றிவிட்டு ‘ரத்தப்போக்கு மிதம்’ என்று எழுதினேன். டியூட்டர் பக்கத்தில் வந்து நின்று, “ஏன் போகுது?” என்றார். டெலிவரி ஆனதால் என்றேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து அந்த அம்மாவின் வயிற்றில் வைத்தார். கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். என் விரலுக்குக் கீழே பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. அதுவும் தொப்புளுக்கு மேலே ஏறி, வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. “இறுகியிருந்தும் ரத்தம் போனா எங்கேயோ கிழிஞ்சிருக்கு, டாக்டரைக் கூப்பிடணும். இறுகலைன்னா, ஏன் இறுகலை? மேலே ஏறி ஒதுங்கியிருக்கே, எது தள்ளுது?” எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அம்மா, யூரின் போனீங்களா?” என்று கேட்டேன். பிரசவத்துக்கு அப்புறம் போகவே இல்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் தள்ளிக்கொண்டிருந்தது. கையால் தேய்த்துக்கொண்டே பெட்பேன் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் விரலுக்கடியில் அது உருண்டு இறுகியது. ரத்தம் குறைந்தது. டியூட்டர் டாக்டருக்கும் தகவல் சொல்லச் சொன்னார்.

நடந்தது பத்து நிமிஷம்தான். ஒரு கையை வைத்ததில் வழி இரண்டாகப் பிரிந்தது, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. நான் காப்பியடித்த கேர் ப்ளானில் இரண்டுக்கும் ஒரே வரிதான் இருந்தது.

ஆகவே சொல்லித்தர முடியுமா என்றால், முடியும். எனக்குச் சொல்லித்தந்தார்கள். கட்டிலருகே நின்று வாய்விட்டு யோசித்துக் காட்ட வேண்டும். அதற்கு டியூட்டர் வார்டில் இருக்க வேண்டும், கையில் பத்துப் பதினைந்து மாணவிகளை வைத்துக்கொண்டு தவிக்காமல் இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் சிமுலேஷன், அதாவது நிஜ நோயாளிக்குப் பதில் பொம்மையை வைத்துப் பழகுவது, வந்திருப்பது நல்லதுதான். ஆனால் பொம்மையைச் சுற்றி நின்று ப்ரொசீஜரைச் செய்துவிட்டுக் கலைந்து போனால் பிரயோஜனமில்லை. முடிந்த பிறகு உட்கார்ந்து “அந்த நேரத்தில் நீ ஏன் அதைச் செய்தாய்?” என்று பேசுகிற அரைமணி நேரத்தில்தான் படிப்பு இருக்கிறது.

அனுபவம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க நர்சிங் அறிஞர் பெட்ரிசியா பென்னர் 1984-லேயே, புதிதாக வரும் நர்ஸ் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும், தேர்ந்த நர்ஸ் நிலைமையை முழுசாகப் பார்க்கிறார் என்று ஐந்து படிகளாக எழுதிக்காட்டினார். ஆனால் வருஷம் போனால் தானாக வரும் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. மார்பு ஏறி இறங்குவதை எண்ணாமலே எல்லாருக்கும் ‘ரெஸ்பிரேஷன் 20’ என்று எழுதுபவர்களை நீ பார்த்திருப்பாய். ஒருவர் மோசமாகப் போகிறார் என்பதை முதலில் சொல்பவற்றில் ஒன்று மூச்சின் எண்ணிக்கை. பிரிட்டனில் பயன்படுத்தும் எச்சரிக்கை அட்டவணையில் மூச்சு நிமிஷத்துக்கு 25-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது ஒன்றுக்கே 3 புள்ளி, அதாவது உச்சப் புள்ளி. அதை இருபது வருஷம் எண்ணாமல் எழுதியவருக்கு எந்த அனுபவம் வந்திருக்கும்?

உன் தோழிகளிடம் இதைச் சொல். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அந்தப் பையனிடம் ஐந்து நிமிஷம் நிற்பார். ஷிஃப்ட் முழுக்க நிற்பது நாம். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் அவர் பொறுப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்போது கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்வது யார்? “சார், ஏழாம் பெட் பிபி 100/80” என்று போனில் சொன்னால், “சரி சிஸ்டர், நார்மல்தானே” என்று வைத்துவிடுவார். “சார், டெங்கு ஐந்தாம் நாள், காலையில் காய்ச்சல் விட்டது. அப்போது பிபி 110/70, இப்போது 100/80. பல்ஸ் 104, பாதம் சில்லென்று இருக்கிறது, காலையிலிருந்து யூரின் போகவில்லை. உடனே வந்து பாருங்கள்” என்றால் படியிறங்கி ஓடி வருவார். இந்த இரண்டாவது போனைச் செய்ய யோசித்தே ஆக வேண்டும்.

நாளையிலிருந்து ஒன்று செய். கட்டிலுக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில், இந்த ஷிஃப்டில் இவருக்கு எது நடந்துவிடுமோ என்று நான் பயப்பட வேண்டும், அது முதலில் எதில் தெரியும் என்று எழுதிக்கொள். தெரியாவிட்டால் புத்தகத்தைத் திற, கூச்சப்படாமல் கேள். அப்புறம் பிபி கட்டு. எழுதும்போது முந்தின எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார். டியூட்டி முடிந்ததும் அந்தச் சீட்டை எடுத்து, நான் நினைத்தது எங்கே தப்பியது என்று ஒரு வரி எழுது. வாரத்துக்கு ஒரு கேர் ப்ளானையாவது அந்தச் சீட்டுகளிலிருந்து எழுது. மார்க் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

அந்த ஸ்டாஃப் சிஸ்டர் இன்னும் அதே வார்டில்தானே இருக்கிறார்? டீ நேரத்தில் போய், “சிஸ்டர், அன்னைக்கு எதைப் பார்த்துட்டுக் காலைத் தொட்டீங்க?” என்று கேள். பார்த்தாலே தெரியும் என்பார், எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வோம். விடாதே, “என்ன பார்த்தீங்க சிஸ்டர்?” என்று இன்னொரு தடவை கேள். நான் இங்கே எழுதியதெல்லாம் என் ஊகம், அவர் சொல்வது வேறாகவும் இருக்கலாம். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா