சர்டிபிகேட் இருந்தாதான் ‘நாங்க’ன்னு சொல்லலாமா?

கேள்வி: மேடம், என் அக்கா பொண்ணு கனடாவுல படிக்கறா, வயசு 21. ஆறு மாசமா போன்ல ‘நாங்க சாப்ட்டோம், நாங்க தூங்கவே இல்ல’ன்னு பேசிட்டிருந்தா, நான் ரூம்மேட்டை சேத்து சொல்றான்னு நெனச்சேன். அப்புறம்தான் ‘உள்ள நாலு பேர் இருக்கோம் சித்தி, இதுக்கு ப்ளூரல்னு பேரு’ன்னா. அதைக்கூட எப்படியோ ஜீரணிச்சிட்டேன். இப்ப அவள மாதிரி ப்ளூரல்னு சொல்றவங்க சேர்ந்திருக்கற, அவ இருந்த குரூப்லயே டாக்டர் சர்டிபிகேட் எங்க, சின்ன வயசுல என்ன ட்ராமான்னு, அதாவது மனசை நொறுக்கற மாதிரி என்ன கொடுமை நடந்துச்சுன்னு கேட்டு, ரெண்டும் இல்லன்னதும் ஃபேக்னு சொல்லி வெளிய தள்ளிட்டாங்களாம், ஒரே அழுகை. சர்டிபிகேட் வாங்கிட்டா சரியாயிடுமா?
– பேர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ஆகாதும்மா. ஏன்னா அந்த சர்டிபிகேட் அதுக்கு அடிக்கற காகிதமே இல்ல.

டி.ஐ.டி-ன்னு (டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர், ஒரே ஆளுக்குள்ள பல ஆளுமை இருக்கற மனநோய்) டாக்டருங்க சொல்றது 1980-ல அமெரிக்க மனநல சங்கத்தோட கையேட்டுல மல்டிபிள் பெர்சனாலிட்டி டிஸார்டர்ங்கற பேர்ல ஏறுச்சு, 1994-லதான் இப்ப இருக்கற பேர். அதுல முக்கியமான நிபந்தனை ஒண்ணு, அந்த ஆளுக்கு இதனால வேதனையோ வாழ்க்கை நடத்துறதுல சிக்கலோ இருக்கணும். அப்ப உள்ள நாலு பேர் இருந்தும் நிம்மதியா பரீட்சை எழுதிட்டிருக்கற பொண்ணுக்கு எந்த டாக்டர் எழுதித் தருவார்? இன்னொண்ணு, ட்ராமா காரணம்னு பெரும்பாலான டாக்டருங்க நம்புறாங்கதான், ஆனா டயக்னோசிஸ் பண்ற நிபந்தனையில அது கிடையவே கிடையாது. டாக்டரே கேக்காத ப்ரூஃப குரூப் கேக்குது!

2022-லருந்து நடைமுறையில இருக்கற உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐ.சி.டி-11 இன்னும் தெளிவாவே சொல்லுது, ஒண்ணுக்கு மேல ஆளுமை இருந்தாலே நோய்னு ஆகாது, சாமி வந்து ஆடுற மாதிரி அவங்கவங்க கலாசாரத்துல ஏத்துக்கிட்ட விஷயமா இருந்து, அதனால வேதனையோ சிக்கலோ இல்லன்னா நோய்னு எழுதக்கூடாதுன்னு. (அதுக்காக உங்க பொண்ணுக்கு சாமி வந்திருக்குன்னு பூசாரிகிட்ட கிளம்பிடாதீங்க, அது வேற இது வேற.)

தள்ளிவிட்டவங்களையும் சும்மா திட்ட மனசு வரல எனக்கு. நெஜமாவே சின்ன வயசுல அடிபட்டு சின்னாபின்னமாகி வந்தவங்க அவங்கள்ல நெறைய பேர். 1986-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல இந்த நோய் இருந்த 100 பேர் கேஸைப் பாத்தப்ப, முதல் தடவை மனநல சிகிச்சைக்குப் போனதுலருந்து சரியான டயக்னோசிஸ் கிடைக்க சராசரியா கிட்டத்தட்ட 7 வருஷம் ஆயிருக்கு. அத்தனை வருஷம் ‘நடிக்கற’ன்னு கேட்டவங்களுக்கு, ட்ராமா இல்லாமலே நாங்களும் பலர்னு ஒருத்தர் வந்து நின்னா பயம் வருது, இவங்களால நம்மளையும் நம்ப மாட்டாங்களேன்னு. அந்த பயத்துலதான் எண்டோஜெனிக்காரங்க, அதாவது ட்ராமாவால வரலன்னு சொல்றவங்க, உள்ள வரக்கூடாதுன்னு கதவு சாத்தறது. சாத்தறவங்களுக்கு எதிர்க்கட்சி வச்ச பேர் ‘சிஸ்மெட்’, ட்ரான்ஸ் ஆளுங்க (திருநர்) நடுவுல, டாக்டர் டயக்னோசிஸ் இருந்தாதான் நெஜமான ட்ரான்ஸ்னு சொல்றவங்கள ‘ட்ரான்ஸ்மெட்’னு கூப்பிட்டு ஓடுன அதே மாதிரி சண்டையிலருந்து வந்த வார்த்தை. பயம் புரியுது, ஆனா 21 வயசு பொண்ணுகிட்ட உன் சின்ன வயசு கொடுமைய எல்லார் முன்னாடியும் சொல்லுன்னு கேக்கறது அராஜகம்தான். கூடவே இத யோசிங்க, ட்ராமா இருந்தும் ஞாபகமே இல்லாதவங்க என்னத்த சொல்லுவாங்க?

டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரம் வேற. மணிக்கணக்குல என்ன பண்ணோம்னே நினைவில்லாம போறது, வாங்காத பொருள் பையில இருக்கறது, தன்னைத் தானே காயப்படுத்திக்கறது, இதுல ஏதாவது இருக்கான்னு மெதுவா கேளுங்க. இருந்தா காலேஜ் கவுன்சிலர்கிட்ட இந்த வாரமே போகச் சொல்லுங்க, குரூப்ல காட்றதுக்காக இல்ல, அவளுக்காக. இல்லன்னா சர்டிபிகேட் பேச்சையே எடுக்காதீங்க.

அப்புறம் அடுத்த தடவை போன் வந்தா ‘எல்லாரும் சாப்ட்டீங்களா’ன்னு கேளுங்க. நம்ம வீட்ல எப்பவும் கேக்கற கேள்விதானே.