உங்கள் ஊரில் இன்றும் ஓடும் பழைய கார்களில் உங்களை நின்று பார்க்க வைத்தது எது?

போன வருஷம் வீரவநல்லூர் தாண்டி, அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கேள்விக்கு நேர்ப் பதில் அதுதான். ஆனால் பழைய வண்டியைக் கண்டதும் பைக்கை ஓரங்கட்டும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல, என் தாய்மாமாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமா பாளையங்கோட்டையில் டாக்சி ஓட்டினார். வெள்ளை அம்பாசிடர், மார்க் 3. எங்கள் ஆச்சி கடைசிவரை அதைக் கார் என்று சொன்னதில்லை, பிளசர்தான். "பிளசர் சத்தம் கேக்கு, எலே, கேட்டத் தொற" என்பாள். தெருமுனையில் இரண்டாவது கியருக்கு மாறும்போது எழும் ஊளைச் சத்தத்தை வைத்தே வருவது மாமா வண்டியா வேறு வண்டியா என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரத்தில் மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எதிரே வரும் அம்பாசிடரின் முகத்தைப் பார்த்து வயசு சொல்லச் சொல்வார். கிரில்லில் சின்னச் சின்னக் கட்டம் இருந்தால் மார்க் 2. படுக்கைவாட்டில் நெருக்கமாகக் கம்பி ஓடினால் மார்க் 3, 1975க்கு அப்புறம் வந்தது. கட்டம் பெரிதாக இருந்தால் மார்க் 4, அது 1979க்கு அப்புறம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத்தான் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசிடர் என்று செய்தார்கள். 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை செய்தார்கள். பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் உண்டல்லவா? "ஆக்ஸ்போர்டுல ஆக்ஸ்போர்டு வண்டி ஓட்டுதேன்" என்று கல்லூரி வாத்தியார்கள் ஏறும்போதெல்லாம் மாமா பெருமையாகச் சொல்வார்.

ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகும்போது அந்த வண்டியில் பத்துப் பேர் இருப்போம். ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹேண்டில் கியர் என்பதால் தரையில் கியர்க் கம்பி கிடையாது. முன்னால் ஒரே நீளச் சீட்டு. அதனால் டிரைவரோடு மூன்று பேர், மடியில் ஒரு பிள்ளை என்று உட்காரலாம். ரெக்சின் சுடாமல் இருக்க மாமா சீட்டின் மேல் பத்தமடைப் பாய்த் துண்டு ஒன்றை விரித்திருந்தார். இறங்கும்போது அதன் கோடுகள் தொடையில் பதிந்திருக்கும்.

ஒரு சித்திரை மாத மத்தியானம் நாங்குநேரி பக்கம் வண்டி நின்றுவிட்டது. பழைய பெட்ரோல் வண்டிகளில் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பம்பு இழுத்தாலும் காற்றுதான் வரும், பெட்ரோல் வராது. மாமா பதறவில்லை. பானட்டைத் திறந்து, தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றினார். "கொஞ்சம் ஆறட்டும்ல" என்று புளியமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கால் மணி நேரத்தில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆயிட்டு. வண்டியின் குணம் தெரிந்தவர் அவசரப்பட மாட்டார் என்பதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன்.

பியட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் எங்கள் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் வருத்தப்படுவார்கள். 1100 டிலைட், 1972ல் பிரிமியர் பிரசிடெண்ட், 1974லிருந்து பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் எங்கள் பக்கம் எந்த வருஷத்து வண்டியும் பியட்தான். வாங்கி ஒரே குடும்பத்தில் வைத்திருப்பார்கள். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் இன்னமும் தார்ப்பாய்க்குள் ஒன்று நிற்கிறது.

மாமா 2004ல் வண்டியை விற்றுவிட்டார். டாஷ்போர்டில் இருந்த திருச்செந்தூர் முருகன் படத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது அது வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்ட ஓட்டை அப்படியே தெரியும்.

சரி, ஹெரால்டுக்கு வருகிறேன். வெளிர்நீலம், வெயிலில் சாம்பல் பூத்த மாதிரி ஆகியிருந்தது. இரண்டே கதவு. நம்பர் 'எம்' எழுத்தில் தொடங்கியதால் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969க்கு முந்திய பதிவாக இருக்கலாம் என்று தோன்றியது. பின் சீட்டில் வாழைத்தார் இரண்டு, டிக்கியில் ஒரு உர மூட்டை. பக்கத்தில் வேட்டி கட்டிய, எழுபது தாண்டிய ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஹெரால்டு எந்த வருஷம்?"

"1967. எங்க அய்யா வாங்கினது. எல்லாரும் இது என்ன வெளிநாட்டு வண்டியான்னுதான் கேப்பாங்க. நீங்க பேரச் சொல்லிக் கேட்டுட்டீங்க, வாங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

வெளிநாட்டில் டிரயம்ப் ஹெரால்டு என்று பெயர். வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. ஆனால் இங்கே ஓடியதெல்லாம் நம் மெட்ராஸில் 1961லிருந்து ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தவை. அம்பாசிடர் கல்கத்தாப் பக்கம், பியட் பம்பாய், இது நம்ம ஊர் வண்டி என்று எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது எங்கள் திருக்குறுங்குடியில்தான். மோட்டார் ஆசை இந்த மண்ணுக்குப் புதுசில்லை.

அண்ணாச்சி முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருந்த கொக்கிகளை விடுவித்து, கண்ணாடிப் பக்கமிருந்து பானட்டைத் தூக்கினார். மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து வண்டியின் மூக்கு முழுக்க முன்பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு டயரும் வெளியே தெரிய, எஞ்சின் நடுவில் திறந்து கிடந்தது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் டயர் மேலேயே ஒரு ஸ்டூலில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் செட்டின் இரண்டு முகத்துக்கும் நடுவில் எமரித் தாளை விட்டு மூன்று தடவை இழுத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை, எடுத்து இடைவெளி பார்த்தார். பேனா வைத்திருப்பதுபோல் அதைப் பையில் வைத்திருந்தார்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம் என்று 2021ல் மத்திய அரசு விதி கொண்டுவந்ததே, செய்தீர்களா என்று கேட்டேன்.

"அதுல பதிஞ்சா கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாம். தெனமும் ஓட்டக்கூடாதாம். எனக்கு வயலுக்குப் போகணும்லா? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க வண்டியக் காட்டி ஆர்.சி.யப் புதுப்பிச்சுக்கிடுதேன்."

எனக்கு அவர் சொன்னது மிகவும் பிடித்தது. புதுப் பெயிண்டும் அலாய் வீலும் போட்டுக் கல்யாண வாடகைக்கு விடும் பழைய கார்களைப் பார்க்கும்போது என் கை தானாகக் கதவின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்கும். 'டங்'கென்றால் தகடு, 'டொக்'கென்றால் துருப்பிடித்த இடத்தை அடைத்துப் பூசிய பட்டி. பெரும்பாலும் 'டொக்'தான். இந்த ஹெரால்டு எங்கே தட்டினாலும் தகடாகவே பேசியது.

கிளம்பும்போது அவர் அந்த ரோட்டிலேயே, ரிவர்ஸ் எடுக்காமல், ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பினார். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. டீக்கடைக்காரர் கூட வடையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

போகிறதுக்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்டார். இடது பக்கப் பின் விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறார். எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள் என்றார். பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் சென்னை புதுப்பேட்டையில் இரண்டு தடவை தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற யார் வீட்டுப் பரணிலாவது, ஷெட்டிலாவது ஹெரால்டு விளக்குக் கண்ணாடி கிடந்தால் கீழே சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுக்கிறேன்.