கேளுங்க சொல்றோம்: வீடு 600 சதுர அடி, பில் 800 சதுர அடி

கேள்வி: வெளி அளவு 20க்கு 30ல ஒரு சின்ன வீடு கட்டுறோம், சதுர அடிக்கு 2,300 ரூபான்னு வாய்ப்பேச்சா பேசி மேஸ்திரிகிட்ட விட்டாச்சு. இப்போ நானும் வீட்டுக்காரரும் டேப் பிடிச்சு ரூம் ரூமா அளந்தா 516 தான் வருது, மேஸ்திரி 800ன்னு பில் எழுதியிருக்கார். ஏமாத்துறாரா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முழுசா ஏமாத்துன்னு சொல்ல முடியாதுங்க. நீங்க அளந்தது கால் வைக்கிற தரை, அவரு அளந்தது கட்டின கட்டடம். கட்டுமான ரேட் எப்பவுமே வெளிச்சுவரோட வெளி ஓரத்துலருந்து வெளி ஓரம் வரைக்கும்தான், 20 இன்ட்டு 30, ஆக 600. சுத்தி ஒம்போது இஞ்ச் சுவர், உள்ள நாலரை இஞ்ச் தடுப்பு, இதுங்களே 84 சதுர அடிய சாப்பிட்டுடும். சுவத்துல நடக்க முடியாதுதான், ஆனா செங்கல்லும் சிமென்ட்டும் கூலியும் அங்கதானே போயிருக்கு, அதனால அந்த 84க்கு சண்டை போடாதீங்க. (பூச்சுக்கு முன்னாடி அளந்தாரா பின்னாடி அளந்தாரான்னு மட்டும் கேளுங்க, ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் பூச்சு ஏறினா 600ங்கிறது 604 ஆயிடும், நாலு சதுர அடின்னா 9,200 ரூபா.)

மிச்சம் 200 எங்கருந்து வந்துச்சுன்னா, நீங்க அனுப்பின பில்லுலயே இருக்கு. போர்ட்டிகோ 10க்கு 8, அது 80. வெளிப்படிக்கட்டு 70. சன்ஷேட் அஞ்சு, ஒண்ணு 10 வீதம் 50. இதுல படிக்கட்டுக்கு முழு அளவு போடுறது பல ஊர்ல வழக்கம்தான், விட்டுடலாம். போர்ட்டிகோவுக்கு மேல தளம் இருக்கு, ஆனா மூணு பக்கம் சுவர் இல்ல, அதுக்கு பாதி ரேட் கேக்குறது நியாயம், நிறைய பேர் ஒத்துக்குவாங்க. சன்ஷேட்டுக்கு சதுர அடி கணக்கு போடுறதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல, ஜன்னல் வச்சா மேல சன்ஷேட் வரத்தான் செய்யும், அது வீட்டு ரேட்டுக்குள்ள அடங்கணும். அப்படிப் பாத்தா 600, 40, 70, மொத்தம் 710. 800க்கும் 710க்கும் நடுவுல 2,07,000 ரூபா நிக்குது, உக்காந்து பேசுங்க, கோவப்படாம பேசுங்க, ஏன்னா எழுத்துல எதுவும் இல்ல, அதுதான் உங்க பலவீனம். இனிமே கட்டப்போறவங்க இதெல்லாம் முழுசா பாதியா, லாஃப்ட் சேருமா, சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் தனியா, காம்பவுண்ட் ரன்னிங் ஃபீட் (நீள அடி) கணக்கான்னு வரி வரியா எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டப்புறம் வானம் தோண்டுங்க.

கேள்வி: ஒரு ரூம் 10 அடி 6 இஞ்ச், 12 அடி 9 இஞ்ச். நான் 10.6 இன்ட்டு 12.9னு போட்டு 136.74 சொன்னேன், மச்சான் தப்புங்கிறாரு. – வாசகர், தென்காசி

பதில்: மச்சான் சொல்றதுதான் சரி. அடிக்கு 12 இஞ்ச், அதனால 6 இஞ்ச்ங்கிறது அரை அடி, 9 இஞ்ச்ங்கிறது முக்கால் அடி. 10.5 இன்ட்டு 12.75, ஆக 133.87 சொச்சம். டைல்ஸ் கடைக்குப் போறப்பவும் இதையே போடுங்க.

கேள்வி: 54 லட்சத்துக்கு 900 சதுர அடி பிளாட், உள்ள போய்ப் பாத்தா 630 தான் தேறுது. – வாசகர், சென்னை

பதில்: அந்த 900ங்கிறது சூப்பர் பில்டப். மாடிப்படி, லிஃப்ட், வராண்டா எல்லாத்துலயும் உங்க பங்குன்னு ஒரு துண்டு வெட்டி உங்க தலையில ஏத்தினது. 2016ல வந்த ரேரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ள நாம புழங்குற தரை அளவுன்னா என்னன்னு தெளிவா சொல்லுது: வெளிச்சுவர், பைப் போற டக்ட், உங்க பால்கனி, திறந்த மொட்டை மாடி எதுவும் சேராது, உள்ள இருக்கிற தடுப்புச் சுவர் மட்டும் சேரும். அந்த நம்பர அக்ரிமென்ட்ல போடச் சொல்லிக் கேளுங்க, பால்கனிய தனி வரியா எழுதச் சொல்லுங்க. அப்புறம் 54 லட்சத்த 630ஆல வகுத்துப் பாருங்க, சதுர அடி 6,000ன்னு நினைச்சது 8,571ல வந்து நிக்கும். ரெண்டு பிளாட்ட ஒப்பிடுறப்போ இந்த ரேட்டத்தான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். யூடிஎஸ்ங்கிறது பிளாட் நிக்கிற நிலத்துல உங்க பங்கு, அது வேற கணக்கு, இதோட சேத்துக் குழப்பிக்காதீங்க.