டெலிவரி ஆன அம்மாவுக்கு எந்த ஆப் போடலாம்?

குடியாத்தம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "மனைவிக்கு குழந்தை பொறந்து 12 நாள் ஆகுது, அவங்க அம்மா வீட்ல இருக்காங்க, நான் ஓசூர்ல வேலை பாக்குறேன், இங்கேர்ந்தே அவங்க உடம்ப பாத்துக்க ஒரு நல்ல ஆப் சொல்லுங்க மேடம்."

தம்பி, எந்த ஆப்ங்கறத விட அது யார் போன்ல இருக்குங்கறதுதான் முக்கியம். அவங்க சொந்த போன்ல, லாக் போட்டு இருக்கணும். ஏன்னா டெலிவரிக்கு அப்புறம் மனச்சோர்வு இருக்கான்னு ஆப்லயே பாத்துக்க எடின்பரோ ஸ்கேல்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 1987ல வந்தது, மொத்தம் 10 கேள்வி, போன 7 நாள்ல சிரிக்க முடிஞ்சுதா, காரணமே இல்லாம பயம் வந்துச்சா, இப்படி கேக்கும், பக்கத்துல யாராவது எட்டிப் பாத்துட்டு இருந்தா எந்தப் பொண்ணு உண்மைய போடுவா சொல்லுங்க? முதல் ரெண்டு வாரம் சும்மா சும்மா அழுகை வர்றது நிறைய பேருக்கு உண்டு, தானா அடங்கிடும். அதுக்கப்புறமும் விடலன்னாலோ, மார்க் 13 இல்ல அதுக்கு மேல வந்தாலோ டாக்டர்ட்ட காட்டணும். 10வது கேள்வி தன்னையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுச்சான்னு கேக்கும், அதுக்கு 'இல்லவே இல்ல' தவிர வேற எந்த பதில் வந்தாலும் மார்க் கூட்டிட்டு இருக்காதீங்க, அன்னிக்கே கூட்டிட்டு போங்க. ராத்திரின்னா டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம்.

இன்னொண்ணு, நிறைய ஆப் குழந்தை எத்தன தடவ பால் குடிச்சுதுன்னு கேக்குது, அம்மா சாப்ட்டாளா தூங்குனாளான்னு கேக்கவே மாட்டேங்குது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். அம்மாவோட பிபி, காய்ச்சல், ரத்தப்போக்கு எழுதி வெக்க இடம் இருக்கற ஆப்பா பாருங்க, சத்து மாத்திரைக்கு அலாரம் வெச்சுக்கலாம்.

ஆனா ஆபத்த ஆப் கண்டுபிடிக்காது, வீட்ல இருக்கறவங்கதான் கண்டுபிடிக்கணும். நம்ம ஊர்ல பச்ச உடம்புக்காரி தலைவலின்னா காத்து பட்டுருக்கும்னு தலைல துணிய கட்டி விட்டுடறாங்க. விடாத தலைவலியும் கண்ணு மங்கறதும் பிபி ஏறுனதா இருக்கலாம், கர்ப்பத்துல நார்மலா இருந்தவங்களுக்கும் ஆறு வாரம் வரைக்கும் இது வரலாம், 140/90 தொட்டாலே டாக்டர்ட்ட பேசணும், 160/110னா உடனே ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனைஞ்சாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வாங்குனாலோ 108 கூப்பிடுங்க, வேலூர் அடுக்கம்பாறை ஜிஎச்ல ராத்திரியும் பாப்பாங்க. 100.4க்கு மேல காய்ச்சல்னா அன்னிக்கே காட்டணும்.

உங்க மாமியார் போன்லயும் 108ஐயும் அந்த ஏரியா நர்ஸம்மா நம்பரையும் சேவ் பண்ணி குடுங்க. தினமும் கூப்புடறப்ப குழந்தைய வீடியோல காட்டுன்னு ஆரம்பிக்காம, நீ சாப்ட்டியாம்மா, தலைவலி இருக்கான்னு மொதல்ல அவங்கள கேளுங்க.