பருவத் தொடக்கத்தில் சீர்படுத்திய சறுக்குப் பாதையை நம்பிக் கிளம்பலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: பனிச்சறுக்கு மையம் திறந்து நான்கு நாள்தான் ஆகிறது. அறிக்கையில் ‘அடிப்பனி (தரைமேல் தங்கியிருக்கும் பனி) 30 செ.மீ., சீர்படுத்திய பாதைகள் 5’ என்று போட்டிருக்கிறார்கள். இதை நம்பிப் போகலாமா, அல்லது மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டுமா?

போங்கள். ஆனால் அந்த 30 என்ற எண்ணை வைத்து நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முந்தைய இரவு எப்படிக் கழிந்தது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு பருவங்களாகத் திறக்கும் வாரத்தைத் தவறவிடாமல் போய்வருகிறேன். மிக நல்ல சறுக்கல் சிலவும், மிக மோசமான விழுதல் ஒன்றும் அந்த வாரத்தில்தான் எனக்குக் கிடைத்தன. இரண்டுக்கும் அடிப்பனியின் ஆழம் காரணம் இல்லை.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். வானத்திலிருந்து புதிதாக விழுந்த பஞ்சு போன்ற பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். இயந்திரத்தில் உண்டாக்கிய பனி 400 முதல் 500 கிலோ வரை கனக்கும். 80 கிலோ அடர்த்தியுள்ள 30 செ.மீ. பனியின் மேல் சீர்படுத்தும் வண்டி ஏறி அழுத்தினால் மிஞ்சுவது ஐந்து அல்லது ஆறு செ.மீ. அது புல்லைக்கூட முழுதாக மறைக்காது. அதே 30 செ.மீ. இயந்திரப் பனியாக இருந்தால், அழுத்திய பிறகும் பெரும்பகுதி அப்படியே நிற்கும்; ஒரு வாரக் கூட்டத்தைத் தாங்கும். ஆகவே எத்தனை செ.மீ. என்பதைவிட எந்தப் பனி, எங்கே அளந்தது என்பதுதான் கேள்வி. இயற்கைப் பனி மட்டும் உள்ள இடமென்றால் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லியே நானும் எழுதியிருப்பேன்.

இயந்திரப் பனி என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பருவத் தொடக்கத்தில் அதுதான் நம்மைத் தாங்குகிறது. நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் பறக்கும்போதே வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி உறைந்து சிறு உருண்டைகளாக விழுகின்றன. ஆறு கைகள் விரித்த படிகம் அதில் கிடையாது. உருண்டைகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதால்தான் அந்தக் கனம். இதைத் தொடங்கிவைத்தவர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சறுக்குக் கட்டை செய்து விற்ற வெய்ன் பியர்ஸும் அவருடைய கூட்டாளிகளும். 1950 மார்ச்சில் வண்ணம் தெளிக்கும் முனையையும் தோட்டக் குழாயையும் காற்றழுத்தியையும் இணைத்துச் செய்து பார்த்தார்கள். 1954இல் காப்புரிமை கிடைத்தது.

இந்தப் பனியை உண்டாக்க வெறும் குளிர் போதாது, காற்று உலர்ந்திருக்கவும் வேண்டும். துளி கொஞ்சம் ஆவியாகித் தன் வெப்பத்தை இழக்கிறது. உலர் காற்றில் அது விரைவாக நடக்கும். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போனால்தான் இயந்திரங்களை முடுக்குவார்கள். காற்று 0 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ மைனஸ் 4, வேலை நடக்கும். அதே 0 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் மைனஸ் 1ஐக்கூடத் தொடாது. இயந்திரங்கள் சும்மா நிற்கும். வானிலை முன்னறிவிப்பில் நான் முதலில் ஈரப்பதத்தைப் பார்ப்பது இதனால்தான். கடந்த நான்கைந்து இரவுகள் குளிராகவும் உலர்ந்தும் இருந்திருந்தால், அறிக்கை சொல்லாவிட்டாலும் மலையில் புதுப்பனி சேர்ந்திருக்கும்.

அப்படிச் சேர்ந்த பனியை உடனே பரப்பிவிட மாட்டார்கள். பாதை நடுவே பெரிய குவியல்களாக விட்டுவைப்பார்கள். மலையில் வேலை செய்பவர்கள் இவற்றைத் திமிங்கிலம் என்றுதான் சொல்வார்கள். பனிமூட்டத்தில் பார்த்தால் பொருத்தமான பெயர். குவியலாகக் கிடக்கும்போது மிச்ச நீர் கீழே வடியும். பருவத் தொடக்கத்தில் இன்னும் சூடு ஆறாத தரையும் குறைந்த இடத்தில் மட்டுமே பனியைத் தின்னும். ஓரிரு நாள் கழித்து வண்டிகள் அதை வெட்டித் தள்ளிப் பரப்பும். பரப்பிய பாதை பழுப்பு மலைமேல் ஒட்டிய வெள்ளை நாடாபோலத் தெரியும். தொலைவிலிருந்து பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். அந்த நாடாவுக்குள் பனி நன்றாகவே இருக்கும்.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயம். சீர்படுத்தும் வண்டி முன்பக்கத் தகட்டால் பனியைத் தள்ளிச் சமன்செய்கிறது; பின்பக்கம் சுழலும் உருளை அதைக் கிளறிப் பொடிக்கிறது; கடைசியில் வரும் சீப்பு கார்டுராய் துணியின் வரிகள்போலக் கோடு போட்டுவிட்டுப் போகிறது. அந்த நொடியில் பாதை மென்மையானது. கால் வைத்தால் பள்ளம் விழும். பொடிந்த துகள்கள் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் பனி இணைப்புகள் வளர்ந்து இறுக வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும், அந்த நேரம் முழுவதும் யாரும் மிதிக்கக் கூடாது. மாலையில், பகல் வெயிலின் சிறு ஈரம் பனியில் இருக்கும்போதே சீர்படுத்தி, இரவு முழுக்க உறையவிட்ட பாதை காலையில் இறுகிப் பிடிமானத்தோடு இருக்கும். விடிகாலையில் அவசரமாகக் கிளறிவிட்ட பாதை பார்வைக்கு அதே கோடுகளோடு அழகாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் குலைந்துவிடும். இரண்டையும் அறிக்கை ஒரே சொல்லால்தான் குறிக்கிறது: சீர்படுத்தியது.

எப்படி வேறுபடுத்துவது? மலைமேல் ஏற்றிவிடும் லிப்ட்டை விட்டு இறங்கியதும் நான் குனிந்து, கையுறையோடு ஒரு வரியை விரலால் அழுத்துவேன். நன்றாக உறைந்த வரி அழுத்தத்தைத் தாங்கும். இன்னும் அழுத்தினால் சிறு துண்டாக உடையும், உடைந்த முகம் மங்கலான வெண்மையாக இருக்கும். உறையாத வரி மணலாக உதிர்ந்து விரலிடுக்கில் வழியும். ஊன்றுகோல் நுனியால் குத்தினாலும் தெரியும்: முதலாவதில் ‘நொறுக்’ என்று ஒரு சத்தம், இரண்டாவதில் சத்தமே இல்லாமல் இறங்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்குப் பிந்திய காலைகளில் முதல் வகைதான் பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. வானம் திறந்திருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை மேலே இழந்து, காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். மேகம் போர்வையாகப் படர்ந்த இரவில் அது நடக்காது.

காலை முதல் லிப்ட், அந்த வரிகள்மேல் முதல் வளைவு. கட்டையின் விளிம்பு இறுகிய பனியில் பதிந்து இழுக்கும்போது அடிப்பாதத்தில் ஒரு மெல்லிய அதிர்வு எழும். அதற்காகத்தான் நான் மூன்று வாரம் பொறுப்பதில்லை.

நண்பகலுக்குப் பிறகு கதை வேறு. ஐந்து பாதைகள்தான் திறந்திருக்கின்றன என்றால் மொத்தக் கூட்டமும் அந்த ஐந்தில்தான் இறங்கும். எல்லோரும் திரும்பும் இடங்களில், குறிப்பாகச் சரிவு சட்டென்று செங்குத்தாகும் முகட்டில், பனி சுரண்டப்பட்டு ஓரங்களுக்குப் போய்விடும். நடுவில் சாம்பல் நிறத்தில் வழவழப்பான பரப்பு வெளிப்படும். என் மூன்றாவது பருவத்தில் அப்படியொரு முகட்டில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து அதன் மேலேயே போனேன். கல். ஒரு கட்டை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. தோள் ஆறு வாரம் வலித்தது. கட்டையின் அடிப்பரப்பில் ஒரு விரல் நீளத்துக்கு உள்மரம் தெரியும்படி கிழிந்திருந்தது. அன்றிலிருந்து, பருவத் தொடக்கத்தில் வெள்ளையல்லாத எதுவும் எனக்குக் கல்தான்.

வழவழப்பான பரப்பில் மாட்டிக்கொண்டால் அதன்மேல் திரும்பவோ அழுத்தி நிறுத்தவோ முயலாதீர்கள். கட்டைகளைத் தட்டையாக வைத்துக் கடந்து, அடுத்த வெண்மையான திட்டில் திரும்புங்கள். ஓரங்களில் தள்ளப்பட்ட பனி சேர்ந்திருக்கும், அங்கே பிடிமானம் கிடைக்கும். ஆனால் இயந்திரப் பனி முடியும் விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்பே திரும்பிவிட வேண்டும். முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை என்பது சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் நடத்தை விதிகளில் ஒன்று. குறுகிய பாதையில் கூட்டத்தோடு இறங்கும்போது வேறு எதையும்விட இது காப்பாற்றும். கட்டையின் உலோக விளிம்புகளைப் புறப்படுவதற்கு முன்பே தீட்டிக்கொள்ளுங்கள்.

கயிறு கட்டி மூடிய பாதைகளுக்குள் நுழையவே வேண்டாம். பஞ்சுப் பனிக்கு அடியில் மரக்கட்டையும் கல்லும் கிடக்கும். தவிர, மெல்லிய பனிப்போர்வை பல குளிர் இரவுகளைக் கண்டால், தரையின் வெப்பத்துக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் நடுவே அடிப்பகுதி ஒன்றோடொன்று ஒட்டாத, மணல் போன்ற பனித்துகள்களாக மாறிவிடும். பிறகு மேலே கனமான பனி விழும்போது சரிவு மொத்தமாகப் பெயர்ந்து வருவதற்கு அந்த அடுக்கே காரணமாகிறது.

உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு மூன்று உலர்ந்த குளிர் இரவுகள் தொடர்ந்து வந்து, கடைசி இரவு மேகமில்லாமல் இருக்கும் நாளைப் பாருங்கள். முதல் லிப்ட்டுக்கு அரை மணி முன்பே போய், ஐந்தில் எந்தப் பாதையை நேற்று மாலையே சீர்படுத்தினார்கள் என்று லிப்ட் ஊழியரிடம் கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார்கள். நேரே அதற்குப் போங்கள். நடுவில் சாம்பல் நிறம் தெரியத் தொடங்கியதும் கட்டைகளைக் கழற்றிவிடுங்கள், மணி பதினொன்றே ஆகியிருந்தாலும்.