முருகனைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எட்டு ஆண்டுகளாகக் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். வயது 36. தைப்பூசத்தை ஒட்டிக் கோலாலம்பூரில் முடி மாற்று சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன். ஐந்து நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும். மண்டோருக்கோ (மேற்பார்வையாளர்) மற்றவர்களுக்கோ தெரியக்கூடாது. வேண்டுதலுக்கு மொட்டை போட்டதாகச் சொல்லிச் சந்தனம் பூசிக்கொள்ளலாமா? தொப்பி போதுமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சந்தனம் வேண்டவே வேண்டாம். ஆண்டுதோறும் ஈப்போ கல்லுமலையிலும் பத்துமலையிலும் மொட்டைத் தலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள். வேண்டுதல் மொட்டை வழவழவென்று இருக்கும். ஐந்தாம் நாளில், முடி வேர் நட்ட உங்கள் முன்தலையிலோ கடுகு கடுகாகப் பொருக்கு கட்டியிருக்கும். வேர் எடுத்த பின்னந்தலையில் சிவந்த புள்ளிகள் தெரியும். நெற்றி வீக்கம் கண்ணிமை வரை இறங்கியிருந்தாலும் வியப்பில்லை. இந்தக் கோலத்தைப் பார்த்து யாரும் 'அரோகரா' சொல்லமாட்டார்கள். யாரிடம் அடி வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள். பொய்யாவது போகட்டும், ஆறாத தலையில் சந்தனம் பூசினால் தொற்று வரலாம். காய்ந்ததைத் தேய்த்துக் கழுவும்போது நட்ட வேரும் கையோடு வந்துவிடும். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டி நட்டதை நீங்களே பிடுங்குவதா?

வேர் பிடித்து நிற்க ஏறத்தாழ பத்து நாள் ஆகும். பொருக்கு உதிரவும் அவ்வளவு நாள் தேவை. சிவப்பு சில வாரம் இருக்கும். ஆகவே ஐந்து நாள் கணக்கே தப்பு. எட்டு ஆண்டு வேலை செய்தவருக்கு மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 16 நாள் விடுப்பு உண்டு. மச்சான் கல்யாணத்துக்கு எடுக்கத் தெரிந்தவருக்கு இதற்கு எடுக்கத் தெரியாதா?

தொப்பி போடலாம், மருத்துவர் சம்மதித்த பிறகு, தலையில் அழுந்தாத தொளதொளப்பான தொப்பி. என் பயமெல்லாம் உங்கள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் பற்றித்தான். மாட்டும்போதும் கழற்றும்போதும் அது முன்வரிசையை உரசும். அதற்காக வெறுந்தலையோடு ஓட்டிவிடாதீர்கள்; நண்பரின் காரில் தொற்றிக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று குலை எண்ணும் வேலையைச் சில வாரம் வேறொருவருக்குத் தள்ளிவிட்டு அலுவலகக் கணக்கைப் பாருங்கள். வழுக்கையை மறைக்கத் தூவும் முடிப்பொடியைத் தோல் நன்றாக ஆறும்வரை தொடாதீர்கள்.

மறைத்தே தீருவேன் என்றால் பொய் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இப்போதே முடிதிருத்தகத்தில் தலை முழுவதும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தலையோடு இரண்டு மூன்று வாரம் வேலைக்குப் போனால் எல்லார் கண்ணும் பழகிவிடும். பிறகு பின்பக்கம் மழித்திருப்பது யாருக்கும் உறுத்தாது. வேர்களை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கும் முறைக்குத்தான் இது பொருந்தும். தோலைப் பட்டையாக வெட்டி எடுப்பதானால் தையல் கோட்டை மூட நீண்ட முடி வேண்டும். உங்களுக்கு எந்த முறை என்று கேள்வியில் எழுதவே இல்லையே! அது தெரியாமலா முன்பணம் கட்டினீர்கள்?

இன்னொன்று. சில வாரங்களில் நட்ட முடியில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அது வழக்கம்தான், வேர் உள்ளே இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். உதிர்கிறதே என்று பதறிச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் புலம்பினீர்களானால், பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விடும். புலம்புவதை மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.